பேட்டரி மானிட்டர் காட்டுற சதவீதம் எங்கேர்ந்து வருது?

கரண்ட் லைனே இல்லாத இடத்துல சோலார் பேனல், அதுலேர்ந்து பேட்டரிக்கு ஏறுறத கட்டுப்படுத்துற சார்ஜ் கண்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர்னு ஒரு செட்டப் போட்டு ஓட்டுறவங்களுக்கு பொழுது சாஞ்சா ஒரே கேள்விதான், பேட்டரில இன்னும் எவ்வளவு இருக்கு? அதுக்காகத்தான் மானிட்டர் வாங்கி மாட்டுறாங்க, அதுவும் 73%னு பளிச்சுனு ஒரு நம்பர் காட்டுது. ஆனா அந்த 73 அளந்து எடுத்த நம்பர் இல்ல, கூட்டிக் கழிச்சு வந்த நம்பர். கல்லாப்பெட்டிய ஒரு தடவை கூட திறந்து பாக்காம, உள்ள போனது வெளிய வந்தது மட்டும் எழுதிட்டே இருக்குற கணக்குப்பிள்ளை மாதிரி அது, ஆரம்ப இருப்ப நாம தப்பா சொன்னா கடைசி வரைக்கும் தப்பாவேதான் எழுதும்.

வோல்டேஜ பாத்தா தெரியாதானு கேக்கலாம். லெட் ஆசிட் 12 வோல்ட் பேட்டரி ஃபுல்லா இருந்தா 12.7 கிட்ட நிக்கும், பாதில 12.1 பக்கம் வரும், ஆனா அது லோடும் சார்ஜும் இல்லாம சில மணி நேரம் சும்மா கிடந்தாதான். பகல் பூரா பேனல் ஏத்துது, ராத்திரி பூரா ஃபேன் லைட் இழுக்குது, பேட்டரி சும்மா கிடக்குறது எப்போ? லித்தியம் அயர்ன் பாஸ்பேட்ல இன்னும் மோசம், 20 சதவீதத்துலேர்ந்து 90 வரைக்கும் மொத்த வித்தியாசமே அரை வோல்ட்டுக்குள்ள அடங்கிடும், அத வச்சு யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதனாலதான் மானிட்டர் கரண்ட எண்ணுது.

எண்ணுற வேலைய செய்றது ஷண்ட். பாத்தா ரெண்டு பித்தளைக் கட்டைக்கு நடுவுல சில உலோகத் தகடு, அவ்வளவுதான். 500 ஆம்பியர், 50 மில்லிவோல்ட்னு அது மேல போட்டிருந்தா 500 ஆம்பியர் போகும்போது அதுக்கு குறுக்க 50 மில்லிவோல்ட் விழும்னு அர்த்தம், அப்போ அதோட ரெசிஸ்டன்ஸ் 0.1 மில்லிஓம். 70 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள்ல சுமார் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்குற ரெசிஸ்டன்ஸ்தான் இது! அப்போ காப்பர்லயே பண்ணிருக்கலாமேனு தோணும், ஆனா காப்பர் சூடாக சூடாக ஒவ்வொரு டிகிரிக்கும் ரெசிஸ்டன்ஸ் 0.4 சதவீதம் கிட்ட ஏறிடும், மத்தியான வெயில்ல ஒரு கணக்கு ராத்திரி குளிர்ல ஒரு கணக்குனு ஆயிடும். அதுக்குத்தான் மாங்கனின்னு காப்பர், மாங்கனீஸ், நிக்கல் கலந்த ஒரு கலவை, எட்வர்ட் வெஸ்டன் 1892ல கண்டுபிடிச்சது, சூட்டுக்கு அது அசையவே அசையாதுனு சொல்ற அளவுக்கு நிலையா இருக்கும்.

இப்போ சின்ன கரண்ட யோசிச்சு பாருங்க. 10 ஆம்பியருக்கு 1 மில்லிவோல்ட், 0.1 ஆம்பியருக்கு வெறும் 10 மைக்ரோவோல்ட். இவ்வளவு சின்ன சிக்னல் படிக்கிறதாலதான் ஷண்ட்ல பெரிய போல்ட் தனி, சின்ன ஸ்க்ரூ தனினு வச்சிருக்காங்க. அளக்குற சன்ன வயர சின்ன ஸ்க்ரூல மட்டும்தான் மாட்டணும், பெரிய போல்ட்லயே சேத்து முடுக்குனா கேபிள் நுனில இருக்குற லக் உக்கார்ற இடத்தோட ரெசிஸ்டன்ஸும் கணக்குல ஏறிடும், சரியா டைட் பண்ணாத போல்ட் ஒண்ணே 0.1 மில்லிஓம தாண்டிடும். ஷண்டோட பொருத்தியே வர்ற மாடல்ல இந்த கவலை கிடையாது.

மாட்டுற இடம் பேட்டரி நெகட்டிவ். விதி ஒண்ணே ஒண்ணு, பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து ஷண்டுக்கு ஒரு கேபிள், அத தவிர அந்த டெர்மினல்ல வேற எதுவும் இருக்கக்கூடாது. இன்வெர்ட்டர், சார்ஜ் கண்ட்ரோலர், டிசி லைட், எர்த் எல்லாமே ஷண்டோட இன்னொரு பக்கம். இன்வெர்ட்டர் கேபிள் தடியா இருக்கு, வளையலனு நேரா பேட்டரில மாட்டுறது நிறைய இடத்துல நடக்குது, அப்புறம் இன்வெர்ட்டர் இழுக்குறது எதுவுமே மானிட்டருக்கு தெரியாது, 98% காட்டிட்டு இருக்கும்போதே இன்வெர்ட்டர் லோ பேட்டரினு கத்தும். கண்ட்ரோலர அப்படி மாட்டுனா தலைகீழ், சார்ஜ் ஏறுறதே பதியாது, தினமும் நம்பர் இறங்கிட்டே போகும். மானிட்டருக்கு பாசிட்டிவ்லேர்ந்து போற சன்ன வயர்ல பேட்டரி கிட்டயே ஒரு சின்ன ஃபியூஸ் கண்டிப்பா வேணும், அந்த வயர் எங்கயாவது உரசி ஷார்ட் ஆனா முழு பேட்டரியும் அது வழியாத்தான் பாயும்.

செட்டிங்ஸ்ல முதல்ல கெபாசிட்டி. 200 ஏஎச்னு, அதாவது ஆம்பியரையும் மணி நேரத்தையும் பெருக்குன ஆம்பியர்-அவர்னு, போட்டிருந்தா அது எத்தனை மணி நேர ரேட்னு பாருங்க. 20 மணி நேர ரேட்னா 10 ஆம்பியர் வீதம் இழுத்தா 20 மணி நேரம் வரும், அதுக்காக 50 ஆம்பியர் இழுத்தா 4 மணி நேரம் வராது. வேகமா இழுத்தா லெட் ஆசிட் கம்மியா குடுக்கும்னு வில்ஹெல்ம் பாய்கர்ட் 1897ல ஒரு சூத்திரம் போட்டார், மெனுல பாய்கர்ட் எண்ணுனு இருக்குறது அதுதான். அந்த எண்ண 1.25னு வச்சா இதே பேட்டரி 50 ஆம்பியர்ல 2 மணி 40 நிமிஷம்தான் தாங்கும், கிடைக்கிறது 134 ஏஎச். லித்தியத்துக்கு 1.05னு வச்சா 184 கிடைக்குது. லித்தியத்துக்கு மாறிட்டு பழைய எண்ண அப்படியே விட்டுட்டா மானிட்டர் தேவையில்லாம பயமுறுத்திட்டே இருக்கும்.

இதெல்லாத்தையும் விட முக்கியம் எப்போ 100%னு ரீசெட் ஆகணும்ங்கிற செட்டிங். எண்ணுற எந்த கருவிலயும் சின்னச் சின்ன பிசகு சேந்துட்டே போகும், வெறும் 0.1 ஆம்பியர் பிசகு ஒரு நாளைக்கு 2.4 ஏஎச், பத்து நாள்ல 24, 200 ஏஎச் பேட்டரில அது 12 சதவீதம். அதனால பேட்டரி நிஜமாவே ஃபுல் ஆகுற நேரம் பாத்து மானிட்டர் பழச அழிச்சுட்டு 100லேர்ந்து ஆரம்பிக்கணும். ஃபுல்லுனு அது எப்படி கண்டுபிடிக்கும்னா, வோல்டேஜ் மேல இருக்கணும், அதே நேரம் பேட்டரி வாங்குற கரண்ட் கொஞ்சமா குறைஞ்சிருக்கணும், ரெண்டும் சில நிமிஷம் தொடர்ந்து நிக்கணும். கண்ட்ரோலரோட அப்சார்ப்ஷன், அதாவது ஃபுல் பண்ண கடைசில அது நிறுத்தி வைக்கிற உச்ச வோல்டேஜ், 14.4னா மானிட்டர்ல 14.2 மாதிரி வைக்கணும், 14.4லயே வச்சா ரெண்டு மீட்டருக்கும் இருக்குற சின்ன வித்தியாசத்துலயே ஒரு நாளும் ரீசெட் ஆகாம போகலாம், ரொம்ப கீழ இறக்குனா பாதிலயே ஃபுல்லுனு சொல்லிடும். குறைஞ்ச கரண்டுக்கு கெபாசிட்டில 4 சதவீதம் ஒரு நல்ல ஆரம்பம், 200 ஏஎச்சுக்கு 8 ஆம்பியர்.

சோலார்ல இங்கதான் சிக்கல் வருது. மெயின்ஸ் சார்ஜர்ல கரண்ட் குறையுதுனா பேட்டரிக்கு போதும்னு அர்த்தம், சோலார்ல கரண்ட் குறைஞ்சா அது மேகமாவும் இருக்கலாம்! வோல்டேஜ் உச்சத்துல நிக்கும்போது ஒரு மேகம் வருது, இல்ல மோட்டார் ஓடி பேனல் கரண்ட அது வாங்கிக்குது, பேட்டரிக்கு போறது திடீர்னு 8 ஆம்பியருக்கு கீழ, வோல்டேஜ் இறங்க கொஞ்ச நேரம் ஆகுது, அந்த இடைவெளில மானிட்டர் 100%னு முடிவு கட்டிடும். அதனால அந்த காத்திருக்குற நேரத்த மெயின்ஸ் சார்ஜருக்கு வைக்கிறத விட கூட்டி வைக்கிறது நல்லது, வோல்டேஜையும் அப்சார்ப்ஷன ஒட்டியே வைங்க, ஃப்ளோட்டுக்கு, அதாவது ஃபுல் ஆனதுக்கு அப்புறம் கண்ட்ரோலர் பிடிச்சு வைக்கிற வோல்டேஜுக்கு, கீழ போகவே கூடாது.

கரண்டே போகாத நிலைய மானிட்டருக்கு ஜீரோனு காட்டிக்குடுக்குற ஜீரோ கேலிப்ரேஷன் பண்ணும்போது எல்லாத்தையும் கழட்டிட்டுதான் பண்ணணும், ஒரு ரவுட்டர் ஓடிட்டு இருந்தா கூட அத ஜீரோனு நினைச்சுக்கும்.

சார்ஜ் எஃபிஷியன்ஸி, அதாவது ஏத்துனதுல எவ்வளவு உள்ள தங்குதுங்கிறது, லித்தியத்துக்கு 99 வைக்கலாம். லெட் ஆசிட்டுக்கு 85லேர்ந்து 95 வரை எங்கயும் இருக்கலாம், கடைசி கட்டத்துல கொஞ்சம் கரண்ட் தண்ணிய கேஸா பிரிக்கிறதுலயே வீணாகுது. சரியான நம்பர பேட்டரியே காட்டிக்குடுக்கும், ரீசெட் ஆகுற நேரத்த சில நாள் கவனிச்சா போதும். 93லேர்ந்து 100க்கு குதிச்சா எஃபிஷியன்ஸி கம்மியா வச்சிருக்கீங்க, கரண்ட் இன்னும் நல்லா போயிட்டு இருக்கும்போதே 100 வந்து நின்னுட்டா கூட வச்சிருக்கீங்க. மேல எல்லாம் சரியா இருந்து கீழ மட்டும், அதாவது 40% காட்டும்போதே வோல்டேஜ் பொத்துனு விழுந்தா அது வேற விஷயம், பேட்டரிக்கு வயசாயி 200 ஏஎச் இப்போ 150 ஆயிருக்கும், கெபாசிட்டி நம்பரத்தான் இறக்கணும்.