முத்ரா லோனுக்கு பேங்க் படி ஏறுறதுக்கு முன்னாடி, தமிழ்நாடு-கேரளா எல்லையில இருக்கறவங்க கவனத்துக்கு

கோயம்புத்தூர் மில் குடும்பத்துல பொறந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார் 1935ல இருந்து 1941 வரைக்கும் கொச்சி திவான், அப்ப நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவும் கொச்சி சமஸ்தானம்தான், 1947ல இந்தியாவோட முதல் நிதி அமைச்சரும் ஆனார். யாவாரத்துல இருந்து கஜானா வரைக்கும் அவருக்கு வழி கெடச்சுது. அதே நிதி அமைச்சகம் சின்ன யாவாரத்துக்காக நடத்துற முத்ரா லோனுக்கு, நம்ம தாலுகா கொழிஞ்சாம்பாறையில இட்லிக்கடை வெச்சிருக்கிற அக்காவுக்கு மேனேஜர் ரூமுக்கே வழி கெடைக்கல.

திட்டம் 2015ல வந்தது. தொகைக்கு ஏத்த மாதிரி பிரிவு இருக்கு: சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம், தருண் 10 லட்சம், தருண் வாங்கி ஒழுங்கா கட்டி முடிச்சவங்களுக்கு 20 லட்சம். பயிருக்கு கிடையாது, மாடு கோழிக்கு உண்டு. மானியம் இல்லைங்க, முழுசா திருப்பிக் கட்டணும்.

இங்க பெரிய வில்லங்கம் அட்ரஸ்தான். ஆதார் பொள்ளாச்சில இருக்கும், கடை எல்லைல இருக்கிற கோபாலபுரம் தாண்டி கேரளாவுல இருக்கும். கேரளா பக்க பேங்க் "நீங்க தமிழ்நாடு, அங்க போங்க"ன்னும், தமிழ்நாடு பக்கம் "கடை கேரளால இருக்கே"ன்னும் பந்து மாதிரி உதைப்பாங்க. அதனால மொதல்லயே உத்யம் பதிவை (சின்ன தொழிலுக்கான அரசு பதிவு) கடை அட்ரஸ்ல போட்டு, பஞ்சாயத்து லைசென்ஸ், வாடகை அக்ரிமெண்ட் எல்லாம் சேத்துக்கிட்டு, கடைக்குப் பக்கத்துல உங்களுக்கு கணக்கு இருக்கிற கிளைக்கே போங்க. உத்யம் அரசு சைட்ல ஃப்ரீ, காசு கேட்டா அது வேற யாரோட சைட்டோ.

அடுத்தது ஈடு. 10 லட்சம் வரைக்கும் ஈடு கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கியே சொல்லிருக்கு, ஆனா அக்காகிட்ட 50,000 லோனுக்கு 15,000 எஃப்டி போடச் சொல்லி, கூடவே ஒரு இன்சூரன்ஸ் ஃபார்மையும் நீட்டிருக்காங்க. எஃப்டி போட காசு இருந்தா அவங்க எதுக்கு லோனுக்கு வர்றாங்க? பேங்குல அப்படி ஈடு கேட்டா "எழுதிக் குடுங்க சார்"னு சொல்லிப் பாருங்க, பேச்சு டக்குன்னு மாறும்.

"அடுத்த மாசம் வாங்க"ன்னா வெறுங்கையோட திரும்பாதீங்க. விண்ணப்பம் குடுத்ததுக்கு தேதி போட்ட ரசீது கேளுங்க, இல்லன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. எவ்வளவு கேட்டு மறுத்தாலும் காரணத்தை எழுத்துல தரணும், அது விதி. பேங்குக்கு புகார் போட்டு 30 நாள்ல பதில் வரலன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன்கிட்ட போங்க, நம்பர் 14448. லோன் குடுன்னு அவங்க உத்தரவு போட மாட்டாங்க, ரசீது தரல, காரணம் தரலன்னா கேப்பாங்க, ஆனா அதைக் காட்ட உங்க கையில பேப்பர் இருக்கணும்.

முத்ராவுக்கு ஏஜெண்டே கிடையாது. வாட்ஸ்அப்ல சாங்ஷன் லெட்டர் அனுப்பி ஃபீஸ் கேட்டா அது திருட்டு, பணத்தைப் போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வராதீங்க.