பிளாக் தைக்கத் தொடங்கும் முன் அளவைப் பேசுங்கள்

பதினாறு பேர் கொண்ட ஒரு குழு. ஆளுக்குப் பதினாறு பிளாக், அதாவது சிறு துணித்துண்டுகளை இணைத்த சதுரங்கள், தைத்து, ஒன்றைத் தனக்கென வைத்துக்கொண்டு, மீதிப் பதினைந்தை ஆளுக்கு ஒன்றாக மற்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தனக்கு வந்ததையெல்லாம் நான்குக்கு நான்காக இணைத்து, மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்ற மூன்றடுக்கையும் சேர்த்துத் தைத்து குயில்ட் (அடுக்குப் போர்வை) செய்து தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். மேசையில் விரித்ததும் நடுவில் துணி மேடுமேடாக எழும்பி நின்றது. ஓரங்கள் அலையடித்தன. சில இடங்களில் தையல் விண்ணென்று இழுத்துக்கொண்டிருந்தது. பிரித்து அளந்து பார்த்தால், மிகச் சிறிய பிளாக் 11¾ இன்ச், மிகப் பெரியது 12½ இன்ச்.

“குயில்ட் பண்ணும்போது எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்களே” என்றார்.

இதை இனியும் கேட்க எனக்குப் பொறுமையில்லை. பிறர் தைத்த மேல்துணிகளை லாங்ஆர்ம் என்ற பெரிய குயில்ட்டிங் இயந்திரத்தில் ஏற்றி குயில்ட் செய்து கொடுப்பதுதான் என் தொழில். அதிலும் குழுப் பரிமாற்றத்தில் உருவாகும் மேல்துணிகள் என்னிடம் நிறையவே வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே நோயோடு வருகின்றன.

சரியாகாது. எப்படிச் சரியாகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய பிளாக்கைச் சிறிய பிளாக்கோடு சேர்த்துத் தைத்தால் பெரியதன் உபரித் துணி எங்கேயும் போய்விடாது, நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். அதன்மேல் நான் தையல் போடும்போது ஊசிக்கு முன்னால் துணி தள்ளிக்கொண்டே போய், அடுத்த தையல் கோட்டில் மடிந்து விழும். அந்த மடிப்பு அங்கேயே நிரந்தரமாகிவிடும். மிக லேசான உப்பலாக இருந்தால், தடிமனான பஞ்சை உள்ளே வைத்து, நெருக்கமான தையலைப் போட்டு, ஓரளவு அடக்கலாம். ஆனால் ஒரு பிளாக்குக்கும் அடுத்ததற்கும் முக்கால் இன்ச் வித்தியாசம் என்றால் எந்த இயந்திரத்தாலும் எந்தக் கைத்திறனாலும் மறைக்க முடியாது. சிறிய பிளாக்கை இழுத்துப் பிடித்துத் தைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பார்வைக்கு அளவாக இருக்கும், முதல் துவைப்பில் சுருங்கிப் பக்கத்துப் பிளாக்கையும் சேர்த்து இழுக்கும். குயில்ட்டிங் என்பது மூன்று அடுக்கைப் பிடித்து வைக்கும் வேலை. அளவைத் திருத்தும் வேலை அதன் கையில் இல்லை.

சரி, இத்தனை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பாதிக்கு மேல் ஒரே ஒரு குழப்பத்திலிருந்து. ஒருங்கிணைப்பவர் “12 இன்ச் பிளாக்” என்று மட்டும் செய்தி அனுப்புகிறார். குயில்ட்டில் சேர்ந்து முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரிய வேண்டிய அளவு 12 இன்ச் என்று பாதிப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் விட்டு, 12½ இன்ச் பிளாக்காகத் தருகிறார்கள். மற்றவர்கள் கையில் இருக்கும் பிளாக்கே 12 இன்ச் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இரண்டு பேரும் சொன்னதைத்தான் செய்தார்கள். சொன்னதுதான் அரைகுறை. அதனால் ஒருங்கிணைப்பவர்களே, எப்போதும் இரண்டு எண்ணையும் எழுதுங்கள்: “கையில் இருக்கும்போது 12½ இன்ச், குயில்ட்டில் இணைந்தபின் 12 இன்ச்.”

அப்புறம் கால் இன்ச் தையல். எல்லாரும் கால் இன்ச் விட்டுத்தான் தைக்கிறோம் என்பார்கள். யாருடைய கால் இன்ச்? இயந்திரத்தோடு வந்த ஃபுட்டின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின்) ஓரத்தை வைத்துத் தைப்பவருக்கு ஒன்று, ஊசிக்குக் கீழே தட்டில் உள்ள கோட்டை வைத்துத் தைப்பவருக்கு இன்னொன்று. ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் அரை நூல், அதாவது 1/16 இன்ச், கூடுதலாகப் பிடித்தால் அந்த ஒரே இடத்தில் 1/8 இன்ச் போய்விடும். குறுக்கே நான்கு துண்டு இருக்கும் பிளாக்கில் மூன்று தையல் வரும். ஆக மொத்தம் 3/8 இன்ச் காணாமல் போகிறது. தைத்தவர் எந்த இடத்திலும் தவறு செய்ததாக உணரவே மாட்டார். போதாததற்கு, தைத்து ஒருபக்கமாக மடித்து அழுத்தும்போது நூலும் மடிப்பும் இழையளவு துணியைத் தின்றுவிடும். அதனால் கால் இன்ச்சுக்கு ஒரு இழை குறைவாகவே தைக்க வேண்டும்.

இதைச் சோதிக்க அதிக நேரம் ஆகாது. 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி அடுத்தடுத்துச் சேர்த்துத் தைத்து, அழுத்தி, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து 3½ இன்ச் வர வேண்டும். வரவில்லை என்றால் ஊசியை நகர்த்துங்கள், அல்லது தட்டில் டேப் ஒட்டிப் புதுக் கோடு வையுங்கள். குழுவில் சேரும் ஒவ்வொருவரும் முதல் பிளாக்கை வெட்டும் முன் இதைச் செய்து, அளவுகோலோடு படம் எடுத்து அனுப்பட்டும். அனுபவசாலிகளுக்கும் விலக்கு வேண்டாம். நான் பிரித்த பிளாக்குகளில் பல வருட அனுபவம் உள்ளவர்களுடையவையும் இருந்திருக்கின்றன.

“அன்போடு செய்த பிளாக், அளவைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் மனசு நோகாதா?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூட்டாகச் செய்த குயில்ட்களில் மிகப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக 1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய நினைவுக் குயில்ட் அது. ஒவ்வொரு பலகமும் ஒரு உயிரின் பெயரில் தைக்கப்பட்டது. பலவற்றைத் தைத்தவர்கள் அதற்கு முன் ஊசியே பிடித்திராதவர்கள். அங்கே கூட அளவு என்று ஒன்று உண்டு: 3 அடிக்கு 6 அடி. ஓரம் மடிப்பதற்கான துணியைத் தனியாக விடச் சொல்கிறார்கள். அப்படி எட்டுப் பலகங்கள் சேர்ந்து 12 அடிக்கு 12 அடிச் சதுரமாகின்றன. அந்த அளவு இருப்பதால்தான் யாருடைய பலகமும் ஒதுக்கப்படாமல் மற்றொன்றின் பக்கத்தில் பொருந்தி நிற்கிறது. நம் குழுக்களில் என்ன நடக்கிறது? அளவில்லாத பிளாக்கைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, வீட்டில் அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். தைத்தவர் ஒருநாள் முடிந்த குயில்ட்டின் படத்தைப் பார்த்து, தன் பிளாக் மட்டும் அதில் இல்லை என்று தெரிந்துகொள்கிறார். உண்மையில் மனசு நோவது அப்போதுதான்.

அடுத்தது துணி. பருத்தி மட்டும் என்று எழுதினால் போதாது. துவைத்ததா, துவைக்காததா என்பதையும் எழுதுங்கள். இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும், எல்லாரும் ஒன்றையே செய்ய வேண்டும். துவைக்காத பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். ஏற்கெனவே துவைத்த துண்டின் பக்கத்தில் அது சுருங்கினால் சுருக்கம் ஒரு பக்கமாகவே விழும். என்னைக் கேட்டால், பலருடைய துணி கலக்கும் பரிமாற்றத்தில் எல்லாரும் முன்பே துவைத்துவிடுவதுதான் நல்லது. காரணம் சாயம். சிவப்பும் கருநீலமும் எத்தனை வெள்ளைப் பின்னணிகளை நாசமாக்கியிருக்கின்றன என்று நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடர்நிறத் துணியை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் மறுபடி அலசுங்கள். அதற்குப் பிறகும் ஒட்டினால் அந்தத் துணி இந்தப் பரிமாற்றத்துக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பும் பிளாக் இன்னொருவருடைய பல மாத உழைப்போடு சேர்ந்து துவைக்கப்படப் போகிறது என்பதை மறக்காதீர்கள்.

பின்னணித் துணியை, அதாவது பிளாக்கில் வடிவத்தைச் சுற்றி வரும் துணியை, ஒருவரே ஒரே துணிச்சுருளிலிருந்து வாங்கி எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். “வெள்ளை” என்று சொன்னால் ஒருவர் பால்வெள்ளை வாங்குவார், ஒருவர் பளீர் வெள்ளை, இன்னொருவர் சந்தன வெள்ளை. தனித்தனியாகப் பார்க்கும்போது எல்லாம் வெள்ளைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று அழுக்காகத் தெரியும்.

அழுத்துவது பற்றியும் கொஞ்சம். இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குத் தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் இழுக்காதீர்கள். வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். முக்கோணத் துண்டுகளின் சாய்வெட்டு ஓரம் இழுத்த இழுப்புக்கு நீளும், பிறகு சதுரம் சதுரமாக இருக்காது. தையல் மடிப்பு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். மடிப்புகள் எதிரெதிராக விழுந்தால்தான் முனைகள் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். நீரில் கரையும் நீலப் பேனாவால் குறித்திருந்தால் கழுவிவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும், இல்லையென்றால் கறை தங்கிவிடும். சூட்டில் மறையும் பேனாவை நான் பரிமாற்ற பிளாக்குகளில் அனுமதிப்பதே இல்லை. கடுங்குளிர் பட்டால் அந்தக் கோடுகள் திரும்பி வரும்.

அனுப்பும்போது குண்டூசி வேண்டாம், ஸ்டேப்பிள் வேண்டாம், வாசனைப் பொட்டலம் வேண்டாம். ஓரத் தையல் போகும் வழியில் பிரியாமல் இருக்க, தையல் நீளம் 2 மி.மீ. அளவில் இருக்கட்டும். வீட்டில் யாராவது புகைப்பவர் இருந்தால், பூனை இருந்தால், முன்கூட்டியே சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தேதியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வளர்ந்தவர்களுக்குத் தேதி தெரியும். வேலையோ உடம்போ இடம் கொடுக்காமல் போனால் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி நாளுக்குப் பிறகு சத்தமில்லாமல் காணாமல் போவதுதான் குழுவை உடைக்கிறது. ஒருங்கிணைப்பவர் கையில் கொஞ்சம் உபரித் துணி இருந்தால் விட்டுப்போன பிளாக்கை வேறொருவர் தைத்துவிடலாம்.

ஏற்கெனவே அளவு மாறிய பிளாக்குகள் கையில் இருக்கின்றனவா? பயப்படாதீர்கள், தயவுசெய்து அப்படியே இணைத்தும் விடாதீர்கள். பெரியவற்றைச் சிறியதன் அளவுக்கு வெட்டினால் பிளாக்கில் உள்ள நட்சத்திரம் போன்ற வடிவங்களின் முனை போய்விடும், அதையும் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பிளாக்கையும் சுற்றிப் பின்னணித் துணியில் 2 இன்ச் பட்டைகளைத் தையுங்கள். தையலில் போனது போக, 11¾ இன்ச் பிளாக் 14¾ ஆகும், 12½ இன்ச் பிளாக் 15½ ஆகும். பிளாக் நடுவில் இருக்கும்படி வைத்து, எல்லாவற்றையும் 14½ இன்ச்சுக்கு வெட்டிவிடுங்கள். இணைத்தபின் பெரிய பிளாக்கைச் சுற்றி 1 இன்ச் சட்டம் தெரியும், சிறியதைச் சுற்றி 1⅜ இன்ச். பின்னணி நிறத்திலேயே இருப்பதால் அந்த வித்தியாசம் கண்ணில் படாது. அந்தப் பதினாறு பேர் குயில்ட்டை இப்படித்தான் மறுபடி இணைக்கச் சொல்லியிருக்கிறேன். பிரிப்பதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் ஒருவருடைய பிளாக்கும் விட்டுப்போகாது.

பின்பக்கம் எல்லாருடைய பெயரையும் துணிக்கான அழியாத மையால் எழுதிய லேபிள் வையுங்கள். கூடவே துவைக்கும் முறையையும் எழுதிக் கொடுங்கள்: முதல் துவைப்பு தனியாக, குளிர்ந்த நீரில், முடிந்ததும் உடனே வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். எங்காவது சாயம் இறங்கியிருந்தால் காயவிடக் கூடாது, இஸ்திரி படக் கூடாது. ஈரமாகவே வைத்திருந்து, நிறையத் தண்ணீரில் சோப்புக் கரைசலோடு ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காயும் முன் என்னிடம் வந்த கறைகளைப் பெரும்பாலும் எடுக்க முடிந்திருக்கிறது.