மிஞ்சிய கருக்களை ஆராய்ச்சிக்குத் தருமுன்

ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும்) சிகிச்சை முடிந்து, உறைநிலையில் கருக்கள் மிஞ்சினால், ஒப்புதல் படிவத்தில் ‘ஆராய்ச்சிக்குத் தரலாம்’ என்றொரு வரி இருக்கும். கருவியல் ஆய்வகத்தில் வேலை செய்பவளாகச் சொல்கிறேன்: பலர் யோசிக்காமல் டிக் செய்யும் வரி அதுதான்.

கேள்வி கேட்பவர்களின் பயம் பெரும்பாலும் ஒன்றுதான். “எங்க கருவை வேற எங்கேயாவது குழந்தையா வளர்த்துடுவாங்களா?” ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட கருவைக் கருப்பையில் வைக்கக்கூடாது என்பது பிரிட்டன் சட்டம். ஆய்வகத்திலும் 14 நாளுக்கு மேல் வளர்க்கக்கூடாது. 1984-இல் பிரிட்டன் அரசு அமைத்த வார்னாக் குழு பரிந்துரைத்த இந்த வரம்பு 1990-இல் அங்கே சட்டமானது. ஏன் 14? உடலின் அச்சாக அமையப்போகும் கோடு கருவில் தெரியத் தொடங்குவது ஏறக்குறைய அப்போதுதான். அதற்கு முன் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையாகலாம். நரம்பு மண்டலமும் உருவாகியிருக்காது.

அன்று அத்தனை நாள் வளர்க்க யாராலும் முடியவில்லை. 2016-இல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் 13-ஆம் நாள் வரை வந்து, வரம்புக்காகவே நிறுத்தின. 2021-இல் சர்வதேச ஸ்டெம் செல் (பலவகை செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஆராய்ச்சிச் சங்கம் தன் நெறிமுறையில் 14 நாள் தடையைத் தளர்த்தியது. ஆனால் அதனால் எந்த நாட்டின் சட்டமும் மாறிவிடாது. ஜெர்மனியில் இத்தகைய ஆராய்ச்சிக்கே தடை. அமெரிக்காவிலோ கருவை அழிக்கும் ஆராய்ச்சிக்கு மத்திய அரசின் பணம் கிடைக்காது, தனியார் பணத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. பணம் யாருடையது என்பதை வைத்து எல்லை போடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

சட்டத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது ஒப்புதலைப் பற்றித்தான். 2018-இல் சீன விஞ்ஞானி ஹ ஜியான்குய், மரபணு திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் அந்தச் சோதனையை எய்ட்ஸ் தடுப்பூசித் திட்டம் என்று குறிப்பிட்டிருந்தது. மறு ஆண்டு அவருக்கு 3 ஆண்டு சிறை.

அதனால் கேளுங்கள். எந்த ஆராய்ச்சி? எத்தனை நாள்? மரபணுவில் கைவைப்பார்களா? முக்கியமாக, ஸ்டெம் செல் எடுப்பார்களா? எடுத்தால் அந்த செல்கள் உங்கள் மரபணுவோடு பல ஆண்டுகள் பெருகி, வேறு ஆய்வகங்களுக்கும் போகலாம். அப்புறம் திரும்பப் பெற முடியாது. கரு பயன்படுத்தப்படும் முன் மனம் மாறினால் என்ன செய்வது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இருவரில் ஒருவருக்கு மனமில்லை என்றாலும் ‘வேண்டாம்’ என்றே குறியுங்கள். அதனால் சிகிச்சை பாதிக்கும் என்று யாராவது சொன்னால், மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் புகார் எழுதிக் கொடுங்கள்.