ஏர் ஆம்புலன்ஸ்: சொல்லும் அதில் ஒட்டிய அவசரமும்

நோயாளியையோ, பொருத்துவதற்கான உறுப்பையோ வான்வழியே கொண்டுபோகும் ஊர்திக்கு ஏர் ஆம்புலன்ஸ் என்று பெயர். ஓடுதளம் உள்ள ஊர்களுக்கு விமானம் வரும். எங்கள் இடுக்கி மாவட்டத்தில் விமான நிலையமும் இல்லை, ரயிலும் இல்லை. ஆகவே இங்கே அந்தச் சொல்லுக்கு ஹெலிகாப்டர் என்றுதான் பொருள்.

ஆம்புலன்ஸின் வேர், நடத்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. படையின் பின்னாலேயே நகர்ந்துபோன ராணுவ மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'நடமாடும் மருத்துவமனை' என்றார்கள். அந்த 'நடமாடும்' பிறகு வண்டிக்கே பெயராகிவிட்டது. 1790களில் பிரெஞ்சு ராணுவ அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, அடிபட்டவர்களைச் சண்டை நடக்கும்போதே தூக்கிவர இலகுவான குதிரை வண்டிகளை ஏற்படுத்தினார். அவற்றின் பெயர் 'பறக்கும் ஆம்புலன்ஸ்'. ஹெலிகாப்டர் என்ற சொல்லே 1861இல்தான் பிரெஞ்சில் உருவானது.

ஈழத்தமிழில் ஆம்புலன்ஸ், நோயாளர் காவு வண்டி. நம் பக்கம் சொன்னால் ஏறவே பயப்படுவார்கள். தமிழ்நாட்டில் காவு என்றால் பலி. மலையாளத்தில் சாமி குடியிருக்கும் தோப்பு. ஆனால் காவுதலின் பழைய பொருள் தோளில் சுமத்தல். காவடியில் இருப்பதும் அந்தக் 'கா'தான். மூணாறுக்கு அப்பால் இடமலக்குடியில் முதுவர் பழங்குடியினர் நோயாளியைத் துணியில் கிடத்தி, கம்பில் கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றிக் காட்டுவழியே சுமந்து வந்திருக்கிறார்கள். அதற்கு மஞ்சல் என்று பெயர். ஹெலிகாப்டருக்கு உலங்கு வானூர்தி என்பதும் ஈழத்தில் பரவிய சொல்தான். உலங்கு என்றால் அகராதியில் கொசு, பொருத்தமாகத்தான் இருக்கிறது!

தமிழ்நாட்டில் 'அவசர ஊர்தி' என்று எழுதுகிறார்கள். எனக்குச் சங்கடம் இங்கேதான். அவசரம் வடமொழியில் தக்க தருணம். மலையாளத்தில் இன்றும் வாய்ப்பு. தமிழிலோ தாமதிக்க முடியாத நிலைக்கும் பதற்றத்துக்கும் சேர்த்து ஒரே சொல்லாகிவிட்டது. (மலையாளத்து 'அடியந்திரம்' இன்னும் வில்லங்கம்: அவசரத்துக்கும் அதுதான், இறந்தவருக்குச் செய்யும் சடங்குக்கும் அதுதான்.) தாமதிக்க முடியாதது நோயாளியின் நிலை. பதற்றம் விமானிக்குத் தொற்றினால் ஹெலிகாப்டரில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

அமெரிக்காவில் 2002 ஜனவரிக்கும் 2005 ஜனவரிக்கும் இடையே மருத்துவப் பறப்புகளில் 55 விபத்துகள் நடந்து, 54 பேர் இறந்தார்கள். அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006இல் இவற்றை ஆராய்ந்து, கிளம்பும் முன் ஆபத்தை முறையாக எடைபோடாததைக் குறையாகச் சொன்னது. தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி கட்டாயம் என்ற விதி 2014இல் வந்தது. கருவியைவிட எனக்குப் பிடித்தது இரண்டு வழக்கங்கள். நோயாளி குழந்தையா, எவ்வளவு மோசம் என்பதை விமானியிடம் சொல்லாமல், வானிலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கச் சொல்வது ஒன்று. விமானி, மருத்துவர், செவிலியர் என்று ஏறுகிற எவர் வேண்டாம் என்றாலும் பயணம் ரத்து, காரணம் கேட்கக்கூடாது என்பது இன்னொன்று.

இங்கே ஆடி மாதம் மஞ்சு (மூடுபனி) இறங்கினால் எதிர்வீடு தெரியாது. தரையைக் கண்ணால் பார்த்துப் பறக்கிறவர் அதற்குள் புகுந்துவிட்டால் உட்காதின் சமநிலை உறுப்பு ஏமாற்றும். சாய்ந்து திரும்புகிறவருக்கு நேராகப் போவதுபோலவே தோன்றும். 'ஹெலிகாப்டர் இருந்தும் வரலையே' என்று ஆத்திரப்படுவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேனி கானாவிலக்கிலோ கோட்டயத்திலோ இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சாலை வழியே போவதுதான் சரி.

வானிலை சரியாக இருந்து எஸ்டேட் மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கினாலும் கவனம் வேண்டும். வால்பக்கம் போகவே கூடாது. அங்கே சுழலும் சிறு விசிறி கண்ணுக்குத் தெரியாது. சரிவான இடமென்றால் மேட்டிலிருந்து இறங்கி வராதீர்கள். மேட்டுப் பக்கம் தலைக்கு மேலே சுற்றும் இறக்கை தரைக்கு மிக அருகில் இருக்கும். விமானி சைகை காட்டிய பிறகு, பள்ளத்துப் பக்கமிருந்து, அவர் பார்வையில் படும்படி குனிந்து வரவேண்டும். குடை, தொப்பி, தகரம் எதுவும் அக்கம்பக்கத்தில் கிடக்கக்கூடாது.

எழுத்தில் 'வான்வழி மருத்துவ ஊர்தி' என்பதே என் தேர்வு. பேச்சில் ஏர் ஆம்புலன்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும். முன்னால் 'அவசர' மட்டும் ஒட்ட வேண்டாம்.