பாம்பனில் கூண்டு, ஊத்தங்கரையில் கலங்கல்

பாம்பனில் வேலை பார்க்கும் என் மச்சான், கார்த்திகை பிறந்துவிட்டால் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் துறைமுகக் கம்பத்தை ஒரு தடவை பார்க்காமல் டீ குடிக்கப் போவதில்லை. ஒன்றாம் எண் கூண்டு என்றால் புயல் சின்னம் எங்கோ தூரத்தில் இருக்கிறது. மூன்று ஏறினால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் பெரிய அபாயம். பதினொன்று ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். "உனக்கென்ன மாப்ள, மலைப்பக்கம் இருக்க" என்று போனில் கேலி செய்வான். 2024 டிசம்பருக்குப் பிறகு அந்தக் கேலியை நிறுத்திவிட்டான்.

தீவில் முதல் பயம் காற்று. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 48 கிலோ எடைக்குச் சமமான விசையைக் காட்டும். அது கூரையை அழுத்தும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. கூரையின் விளிம்பைத் தாண்டும் காற்று வேகமெடுத்து மேலே பிரிந்து போகும்போது, ஓட்டுக்கு மேலே அழுத்தம் குறைகிறது. காற்று வரும் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரைக்கு இப்படி அரை டன் வரை தூக்கும் விசை வரலாம். சிமென்ட் ஷீட்டின் மேல் பத்து மணல் மூட்டை வைத்தால் எவ்வளவு தாங்கும்? மூட்டைக்கு இருபது கிலோ என்றால் மொத்தம் இருநூறு கிலோ. அதனால்தான் ஷீட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும், முடிந்தால் தரையில் அடித்த முளையோடும் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். கூரைமேல் கருங்கல் வைப்பது வேண்டாத வேலை. பறந்து வந்து யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

அடுத்த பயம் கடல். புயலின் நடுவில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். அது சின்னக் கணக்கு. ஆழமில்லாத கடலில் காற்று தண்ணீரைக் கரை நோக்கிக் குவிப்பதுதான் பெரியது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ரயிலை அடித்துப் போனது அப்படிக் குவிந்த கடல்தான்.

சரி, கடலே இல்லாத எங்கள் கிருஷ்ணகிரிக்கு வருவோம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகு நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. 'வலுவிழந்தது' என்று டிவியில் சொன்னதும் நாங்கள் தூங்கப் போய்விட்டோம். டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை. எங்கள் மாவட்டத்தில் ஓராண்டில் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் கொட்டியிருந்தது.

'வலுவிழந்தது' என்ற சொல்லில்தான் கோளாறு. புயல், தாழ்வு மண்டலம் என்ற பெயரெல்லாம் காற்றின் வேகத்தை வைத்துச் சூட்டுவது. மழையை வைத்து அல்ல. வெதுவெதுப்பான கடலின் நீராவி மேலேறிக் குளிர்ந்து துளியாகும்போது விடும் வெப்பம்தான் புயலின் எரிபொருள். கரையேறியதும் அடியிலிருந்து வரும் அந்த வரத்து அறுகிறது, தரையின் உராய்வும் சேர்ந்து காற்று தளர்கிறது. ஆனால் சுழற்சி உடனே நின்றுவிடாது. வங்கக்கடலின் ஈரக்காற்றைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று ஜவ்வாது மலை, சித்தேரி மலைச் சரிவுகளில் மோதி மேலேறினால் இன்னும் குளிர்ந்து கொட்டும். அப்புறம் நேரம். வேகமாக ஓடும் புயல் ஊருக்கு ஊர் கொஞ்சம் நனைத்துவிட்டுப் போகும். மெதுவாக ஊர்வது ஒரே இடத்தில் இறக்கி வைத்துவிடும்.

50 செ.மீ. மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் 20 லட்சம் லிட்டர். சுமார் 170 டேங்கர் லாரித் தண்ணீர். அன்று ஊத்தங்கரைப் பேருந்து நிலையம் பக்கம் வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை நாடே வீடியோவில் பார்த்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு டன் கார், ஒரு கன மீட்டர் தண்ணீரை விலக்கினால் மிதக்கும். அடிப்பரப்பு ஆறு சதுர மீட்டர் என்றால், அடித்தட்டுக்கு மேல் 17 செ.மீ. தண்ணீர் ஏறினால் போதும். தரையிலிருந்து கணக்கிட்டால் முழங்காலுக்கும் கீழே. வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

அதனால் எங்கள் பக்கம் புயலுக்குத் தயாராவது கூரையில் அல்ல, ஏரியில் தொடங்க வேண்டும். ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்தான் கலங்கல். அதில் வழியும் தண்ணீரின் உயரம் இரட்டித்தால், வெளியேறும் அளவு இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய 2.8 மடங்காகும். பெருவெள்ளத்தைச் சமாளிக்க ஏரிக்கு உள்ள ஒரே வழி அதுதான். கலங்கலில் சீமைக் கருவேலம் முளைத்து அடைத்திருந்தாலோ, கூடுதலாகத் தண்ணீர் தேக்கலாம் என்று யாராவது மணல் மூட்டை அடுக்கியிருந்தாலோ, நீர்மட்டம் கரையைத் தாண்டிவிடும். மண் கரையின் மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் அது தன் பாதையைத் தானே அரித்து அகலமாக்கிக்கொள்ளும். மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் மொத்தமும் கீழ் ஏரிக்கு வரும்.

இப்போதெல்லாம் மூன்றாம் எண் கூண்டு ஏறியதாக மச்சான் சொன்னால், டார்ச்சை எடுத்துக்கொண்டு கலங்கல் பக்கம் ஒரு நடை போய் வருகிறேன். போன தடவை அங்கே ஆறு மூட்டைகள் இருந்தன.