டாலஸ் பக்கம் அம்மா அப்பாவுக்கு வீட்டுச் சாப்பாட்டு உதவி: எந்தக் கவுண்டி என்று முதலில் பாருங்கள்

60 வயது நிரம்பியவர்களுக்கு வீடு தேடி வரும் சாப்பாடு, அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்குச் சில மணி நேர மாற்று ஆள், மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஆலோசனை. இவை 1965ஆம் ஆண்டின் ஓல்டர் அமெரிக்கன்ஸ் சட்டத்தின் கீழ் வருபவை. வட்டாரத்துக்கு ஒரு முதியோர் அமைப்பு இவற்றைப் பார்த்துக்கொள்கிறது.

அலைச்சல் இங்கேதான் தொடங்குகிறது. டாலஸ் சுற்றுவட்டாரத்தின் 16 கவுண்டிகளும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) அவற்றிலுள்ள நகரங்களும் கூடி வைத்திருப்பது வட மத்திய டெக்சஸ் கவுன்சில் ஆஃப் கவர்ன்மென்ட்ஸ். ஆனால் அதன் முதியோர் பிரிவு 14 கவுண்டிகளுக்கு மட்டுமே. டாலஸ் கவுண்டிக்கும் டாரன்ட் கவுண்டிக்கும் தனித்தனி அமைப்புகள். அர்விங்கிலிருந்து பிரிஸ்கோவுக்கு வீடு மாறினால் அமைப்பும் மாறிவிடும். பழைய இடத்தில் பதிந்த பெயர் தானாகக் கூட வராது. முகவரியில் 'டாலஸ்' என்று இருப்பதை நம்பாதீர்கள். டாலஸ் நகரின் வடகோடி காலின் கவுண்டிக்குள் இருக்கிறது. சொத்து வரி ரசீதில் கவுண்டி பெயரைப் பார்த்துவிட்டு அழையுங்கள். குழப்பமாக இருந்தால், எந்த முகவரிக்கு எந்த அமைப்பு என்று சொல்லும் எல்டர்கேர் லொகேட்டர் உதவி எண் 1-800-677-1116இல் ஜிப் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

வருமானம் கேட்பார்கள். பிள்ளைக்கு நல்ல சம்பளம், நமக்கெங்கே கிடைக்கும் என்று அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். வைக்காதீர்கள். சாப்பாட்டுக்கு வருமான வரம்பு கிடையாது. யாருக்கு முதலில் கொடுப்பது என்று வரிசைப்படுத்தத்தான் அந்தக் கேள்வி. காசு கேட்டால் அது நன்கொடை. கொடுக்காததற்காகச் சாப்பாட்டை நிறுத்தக்கூடாது. 'முதலில் மெடிகெய்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) விண்ணப்பியுங்கள்' என்று திருப்பி அனுப்பினால், இது வேறு சட்டம் என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்குச் சாப்பாடு வர வயது மட்டும் போதாது, வெளியே போக முடியாத நிலை வேண்டும். நம் பெரியவர்கள் போனில் 'நன்றாக இருக்கிறேன்' என்பார்கள், அப்படியே எழுதிக்கொள்வார்கள். குளிக்க, சமைக்க, படியிறங்க எதில் உதவி தேவை என்று முன்கூட்டியே எழுதி வைத்துச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பேரப்பிள்ளையை நடுவில் உட்கார வைக்காதீர்கள். தகுதி பெற்றவரின் கணவனுக்கோ மனைவிக்கோ 60 ஆகாவிட்டாலும் சாப்பாடு உண்டு. இதை அவர்களாகச் சொல்வது அரிது.

கவுன்சில் தானே சமைத்து அனுப்புவதில்லை, உள்ளூர்த் தொண்டு அமைப்புகளிடம் ஒப்படைக்கிறது. 'பெயரை அனுப்பிவிட்டோம்' என்றால் பதிவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. எந்த அமைப்புக்கு, எந்தத் தேதியில் அனுப்பினார்கள், பேசியவர் யார் என்று குறித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் அந்த அமைப்பையே நேராக அழையுங்கள். காத்திருப்போர் பட்டியல் என்றால், பெயர் ஏறிய தேதியைக் கேளுங்கள். இடையில் கீழே விழுந்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ உடனே தெரிவியுங்கள். நிலைமை மாறினால் முன்னுரிமையும் மாறலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, முறையீட்டு வழி என்ன என்று கேளுங்கள். அப்படியொரு வழி வைத்திருக்க வேண்டியது அந்த அமைப்பின் சட்டக் கடமை.

சைவம் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள். முட்டை, மீன், கோழிச்சாறு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சைவச் சாப்பாடு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.