கடித்தது பூச்சி, பட்டினி பிள்ளைக்கா?

இந்த வாரமும் ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். ஐந்து வயது. முழங்காலுக்குக் கீழேயும் முன்கையிலும் சிவந்த தடிப்புகள். சொறிந்து சொறிந்து சில கறுத்துவிட்டன, சில தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தன. "கிரந்தி, டொக்டர். இரத்தம் சுத்தமில்லை போலிருக்கிறது" என்றார் அம்மம்மா. மூன்று மாதமாக முட்டை இல்லை, இறால் இல்லை, கணவாய் இல்லை, கத்தரிக்காய்கூட இல்லை. பிள்ளைதான் மெலிந்திருக்கிறது, தடிப்பு மெலியவில்லை.

பூச்சிக்கடி என்று சொன்னால் உடனே கேட்பார்கள்: "ஒரே கட்டிலில்தானே அக்காவும் படுக்கிறாள், அவளுக்கு ஒன்றுமில்லையே?" வெள்ளவத்தையிலும் இதே கேள்வி, கொட்டாஞ்சேனையிலும் இதே கேள்வி. ஆற அமர ஒரு தடவை பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்காவையும் கடித்திருக்கிறது. உங்களையும் கடித்திருக்கிறது. பூச்சி இரத்தம் குடிக்கும்போது தோலுக்குள் விடும் உமிழ்நீரை உடல் எதிர்ப்பதால்தான் தடிப்பு எழுகிறது. அந்த எதிர்ப்பு ஆளுக்கு ஆள் வேறு. முதல் கடிகளுக்கு உடல் பேசாமல் இருக்கும். பிறகு மறுநாள் தடிக்கும். இன்னும் போனால் கடித்த உடனேயே தடிக்கும். ஆண்டுக்கணக்கில் கடிபட்டபின் ஓய்ந்துவிடும். நுளம்புக் கடியில் இந்தப் படிகளைக் கென்னத் மெலன்பி என்ற பூச்சியியல் அறிஞர் 1946இலேயே எழுதிவைத்தார். நீங்கள் கடைசிப் படியில் நிற்கிறீர்கள், பிள்ளை நடுவில் நிற்கிறது. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வரும் பிள்ளைகளைப் பாருங்கள். இங்குள்ள மச்சான்மாரோடு ஒரே அறையில் படுத்து எழும்பி, அவர்களுக்கு மட்டும் கால் முழுக்கத் தடித்திருக்கும். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள் வீட்டார். தண்ணீர் என்ன பாவம் செய்தது?

போதாக்குறைக்கு, புதிதாக ஓரிடத்தில் கடித்தால் ஆறிக்கொண்டிருந்த பழைய தடிப்புகளும் சேர்ந்து கிளம்பும். "ஒரே இரவில் இருபது இடத்திலா கடித்தது?" என்று என்னை மடக்கப் பார்ப்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னும் சந்தேகமா? ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். சாப்பாட்டு ஒவ்வாமையில் வரும் தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் இருக்காது. மூன்றாம் நாளும் அதே வட்டத்துக்குள், நடுவில் சிறு புள்ளியோடு இருந்தால், இறாலின் மேல் பழி போடாதீர்கள். உதடு வீங்கி மூச்சு முட்டினால் கதை வேறு. வட்டம் போட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீட்டில் பலருக்கும் இரவில் அரித்து, விரலிடுக்கிலும் பரு இருந்தால் அது சொறியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, வீட்டில் எல்லோரும் பூச வேண்டும்.

மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கும் கலப்புக் கிறீம்களைத் தயவுசெய்து விடுங்கள். அதிலுள்ள ஸ்டீரொயிட் இரண்டு நாளில் அரிப்பை அடக்கும், மாதக்கணக்கில் பூசினால் தோலை மெலியவைக்கும். தேசிக்காய்ப் புளியும் வேண்டாம். அதைப் பூசி வெயிலில் விட்டால் தோல் வெந்துபோகும். பற்பசையைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், கலமைன் பூசுங்கள். மெத்தைத் தையலில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே மூட்டைப்பூச்சி குடியிருக்கிறது. தடிப்பு கணுக்காலைச் சுற்றியே வந்தால், தொடர்மாடிப் படிக்கட்டில் பிள்ளை கொஞ்சும் பூனையின் தெள்ளை நினையுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. இரவு வலை மட்டும் போதாது, பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள்.

சீழ் பிடித்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு வாருங்கள். புண் ஆறிச் சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே காட்டுங்கள். சில கிருமிப் புண்கள் சிறுநீரகத்தைப் பிடிக்கும். வரும்போது பூசிய கிறீமின் பெட்டியையும் கொண்டு வாருங்கள். ஏச மாட்டேன், பெயரை வாசிக்க வேண்டும். முட்டையை இன்றைக்கே கொடுக்கலாம்.